கை நனைக்காத மச்சானும் கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கும்

என் மச்சான் தரணேந்திரன் என் வீட்டில் கை நனைக்கக் கூடாது. நானும் அவனோடு பேசக் கூடாது. இது என் சபதம். சபதம் போட்டவர்கள் தாடி வளர்ப்பது வழக்கம். எனக்குத் தாடி வளர்ந்தால் அரிக்கும். அதனால் கோபத்தை மட்டும் வளர்த்தேன். நன்றாகவே வளர்ந்தது.

காரணம் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை வியாபாரம், வைத்துச் சம்பாதித்ததில் திண்டிவனத்தில் ஒரு வீடு கட்டினேன். கிரகப்பிரவேசம். முதல் பந்தி. வல்லத்துப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் நான். புதுச் சட்டை, புது வேட்டி. பாயசம் வருகிறது. முந்திரி மிதக்கிறது. கரண்டி என் இலைக்கு நேராக வந்து சாய்கிறது. அப்போது பந்தி விசாரித்துக்கொண்டிருந்த தரணேந்திரன் அந்தக் கோடியிலிருந்து சத்தம் போட்டான்.

"மாமாவுக்கு ஊத்தாத. சுகரு."

கரண்டி திரும்பிப் போய்விட்டது. என் வீடு. என் பாயசம். என் முந்திரி. எனக்கு இல்லை.

எனக்குச் சுகர் இருப்பது உண்மைதான். அதைப் பேருந்து நிலையத்தில் வண்டி நேரம் அறிவிக்கிற மாதிரி அறிவித்தது தப்பா இல்லையா? அன்றிலிருந்து பெரியவர்கள் என்னைப் பார்த்தால் "எப்டிப்பா இருக்கற" என்று கேட்பதில்லை. "இப்ப எவ்ளோ இருக்குது" என்றுதான் கேட்கிறார்கள்.

வீடியோ எடுத்தவன் அந்தக் காட்சியை அப்படியே பிடித்திருந்தான். கரண்டி வருவது, நிற்பது, திரும்புவது, என் முகம். எல்லாம் உண்டு. அந்த சீடியை என் மனைவி ஜ்வாலாமாலினி கொய்யா மரத்தில் கட்டித் தொங்கவிட்டுவிட்டாள். கிளி வராமல் இருக்கவாம். நல்லவேளை, அதற்கு முன்பே என் மகள் ப்ரியதர்ஷினி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தாள். அவள் படிப்புக்கு வாங்கிய கம்ப்யூட்டர். அவள் சென்னைக்கு வேலைக்குப் போன பிறகு அதற்கு இருந்த ஒரே வேலை எனக்கு அந்தப் படத்தைக் காட்டுவதுதான். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் அந்தப் படத்தைக் கரண்டி திரும்புகிற இடத்தில் சரியாக நிறுத்துவேன். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் பார்த்திருக்கிறார். கரண்ட் ரீடிங் எடுப்பவர் இப்போதெல்லாம் வாசலிலேயே எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்.

இப்படி என் கோபத்தைப் பழுது இல்லாமல் நான் நடத்திவரும்போது மகளுக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் வழக்கப்படி தாய்மாமன்தான் பெண்ணுக்கு மாலை போட வேண்டும். அதாவது தரணேந்திரன்.

"அவன் வரக்கூடாது. ஒன்னுவிட்ட மாமன் யாராச்சும் போடட்டும்" என்றேன்.

"கூடப்பொறந்தவன் உசுரோட இருக்கச்சே ஒன்னுவிட்டவன் எதுக்குங்க?" என்றாள் மாலினி.

"பெரியவங்க சொல்லட்டும்."

"சரி, சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் என் வீட்டுக்கு வந்து தீர்ப்புச் சொல்வதாக முடிவானது. எனக்கு ஏக மகிழ்ச்சி. நான் வாயால் சொன்னால் கோபக்காரன் என்பார்கள். படம் சொன்னால் ஆதாரம்.

திங்கட்கிழமை மாலை ஒரு முறை ஒத்திகை பார்க்கலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். அது என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. உங்கள் சிஸ்டம் பழசாகிவிட்டது, புதுசுக்கு மாறுகிறீர்களா? பெரியவர்கள் வரும் நேரத்தில் வீட்டில் பழசு எதற்கு? மாறுகிறேன் என்று அழுத்தினேன். திரை நீலமாக மாறியது. நடுவில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள் என்று எழுதியிருந்தது.

அணைக்கிற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஆனால் அன்று மழை விட்ட மாலை. பொழுது சாய்ந்ததும் ஈசல் கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியாக வந்து அந்த நீல வெளிச்சத்தில் மோதி மோதி மேஜையில் விழுந்தது. நாங்கள் ஜைனர்கள். இருட்டிய பிறகு சாப்பிடாதவர்கள். விளக்கு வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி சோற்றில் விழுந்து சாகக் கூடாது என்று முன்னோர்கள் வைத்த ஏற்பாடு. சோற்றுக்கு அவ்வளவு பார்க்கிறவன் கண்ணெதிரில் இவ்வளவு உயிர் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? சுவிட்சை அணைத்துவிட்டேன். ஈசல் எல்லாம் தப்பித்துத் தெருவிளக்குக்குப் போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.

மறுநாள் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து. டிஸ்க்கில் பிழை இருக்கிறது, சரிபார்க்கிறேன் என்றது. சதவீதக் கணக்கு நகர்ந்தது. பத்தில் நின்றது. நான் தட்டினேன். அணைத்துப் போட்டேன். மறுபடி பத்து. பெட்டியைக் குலுக்கினேன். மல்லாட்டை நல்ல பருப்பா சொத்தையா என்று நான் குலுக்கித்தான் கண்டுபிடிப்பேன். இதற்குள்ளும் ஏதோ கடகடவென்றது. சொத்தை.

"மெசின குலுக்காதீங்க" என்றாள் மாலினி.

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சிதான் அணைச்சீங்களா?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூவரசன் கடைக்குப் போனேன். ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பையன். மாட்டிப் பார்த்தான். காதை வைத்துக் கேட்டான். டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"அப்கிரேடு நடுவுல ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"உயிர் போவுதுன்னு பண்ணேம்பா."

"யார் உயிரு?"

"அத வுடு. படம் கெடைக்குமா?"

"ஃபார்மேட்தான் சார். உள்ள இருக்கிறது எல்லாம் போயிடும்."

"வேற வழி?"

"விழுப்புரத்துல ஒருத்தர் இருக்காரு. எங்க யாராலயும் முடியலன்னா அவர்கிட்டதான் அனுப்புவோம். ரொம்பப் பொறுமையா செக் போட்டு எடுத்துக் குடுப்பாரு."

"பேரு?"

"தரணேந்திரன் சார்."

பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். விழுப்புரத்தில் எத்தனை லட்சம் பேர் இருக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தானா? புதன்கிழமை பெட்டியோடு விழுப்புரத்துக்கே போய் வேறு கடைகளில் கேட்டேன். ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். இன்னொருவர் தரணேந்திரன் நம்பரை எழுதி என் சட்டைப் பாக்கெட்டிலேயே செருகினார்.

வெள்ளிக்கிழமை நான் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். மாலினி மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"தம்பிய கூப்டட்டுமா?"

"கூப்டக் கூடாது."

"நீங்க கூப்டல. நானும் கூப்டல. மெசின் ரிப்பேரு, ரிப்பேர் பண்றவன் வர்றான். ஈயம் பூசறவன் வர்லியா? அந்த மாதிரி."

நான் யோசித்தேன். அதாவது, என் எதிரிக்கு எதிரான ஆதாரத்தை என் எதிரியே மீட்டுக் கொடுக்கப் போகிறான். இதைவிட இனிப்பான பழிவாங்கல் உண்டா? சுகர்க்காரனுக்குக்கூட அனுமதிக்கப்பட்ட இனிப்பு.

"சரி. ஆனா நான் அவன்கிட்ட பேச மாட்டேன்."

"வேணாம்."

"அவனும் இங்க கை நனைக்கக் கூடாது. தண்ணிகூட."

"குடுக்கல."

எங்கள் பக்கம் இந்தக் கை நனைப்பது சாதாரண விஷயம் இல்லை. பகைக்காரன் வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிட்டால் பகை அதோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு பழசை எடுத்தால் ஊர் சிரிக்கும். கோர்ட்டில் முடியாத வழக்கெல்லாம் கூட்டு பொரியலில் முடிந்திருக்கிறது. அதனால்தான் நான் சோற்று விஷயத்தில் அவ்வளவு உஷார்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் தரணேந்திரன் வந்தான். முடி நரைத்திருந்தது. எனக்கு ஒரு பக்கம் திருப்தி. இளைத்தும் இருந்தான். அது திருப்தியா என்று எனக்கே தெரியவில்லை. பையில் தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்திருந்தான். கம்ப்யூட்டர் முன்னால் அவன் உட்கார்ந்தான். நான் முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். நடுவில் மாலினி நின்றாள்.

"எவ்ளோ நேரமாவும்னு கேளு" என்றேன் ஜன்னலிடம்.

"டே தம்பி, ஒடம்பு எப்டிருக்குதுன்னு மாமா கேக்குறாரு."

"நல்லாருக்குதுன்னு சொல்லுக்கா."

"நல்லாருக்குதாங்க."

"எது, ஹார்ட் டிஸ்க்கா?"

"அதும்தான்."

"நான் நேரத்தக் கேக்கச் சொன்னேன்."

"கேக்குறேன். ஜல்திபடாதீங்க. டே, எளைச்சிட்டியாமே. மாமா வருத்தப்படறாரு."

"அந்த மாதிரி நான் ஒன்னும்..." என்று திரும்பப் போனேன். திரும்பினால் முகத்தைப் பார்க்க வேண்டி வரும். ஜன்னலிலேயே இருந்துவிட்டேன்.

ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் பெட்டியைத் திறந்தான். ஒயரைக் கழற்றித் துடைத்து மாட்டினான். ஏதேதோ அழுத்தினான். பிறகு கேட்டான்.

"அக்கா, புது சிஸ்டம் ஏறிக்கினு இருக்கச்சே ஏன் அணைச்சாருன்னு கேளு."

இதற்கு மட்டும் மாலினி கலப்படம் செய்யவில்லை. "ஈசல் வந்து வுழுந்து சாவுதுன்னு அணைச்சிட்டாருடா."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். சிரிப்பான். சிரித்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

அவன் சிரிக்கவில்லை. கீபோர்டைத் தட்டிக்கொண்டே, "நானா இருந்தாலும் அணைச்சிருப்பேன்னு சொல்லுக்கா" என்றான்.

மாலினி அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. பகைக்காரன் என்றால் ஒழுங்காகப் பகைக்காரனாக இருக்க வேண்டும். நடுவில் நியாயம் பேசினால் பேஜாராகிவிடுகிறது.

"ஏங்க" என்றாள் மாலினி. "சின்ன செக் ஒன்னு போட்டா போதுமாம். கால் மணில கெளம்பிடுவானாம். பெரிய செக்கும் இருக்குதாம். டிஸ்க்க மூலை மூலையா பாக்குமாம். அது நேரமாவுமாம். சின்னதே போதும்னு எனக்கும் தோணுது."

எனக்குச் சந்தேகம் தட்டியது. அக்காவும் தம்பியும் ஒரே ராகம் பாடினால் பாட்டில் ஏதோ இருக்கிறது. அரைகுறையாகப் பார்த்துவிட்டு, படம் கிடைக்கவில்லை என்று நழுவப் பார்க்கிறான். விடுவேனா?

"பெருசே போடச் சொல்லு."

"வேணாங்க. அவன் போவணும்."

"மூலை மூலையா பாக்கச் சொல்லு. பாத்துட்டுதான் போவணும்."

"அப்பறம் லேட்டாச்சின்னு என்னச் சொல்லக் கூடாது."

"நான்தான சொல்றேன். ஆவட்டும்."

பெரிய செக் ஓடத் தொடங்கியது. ஒன்று. நெடுநேரம் ஒன்று. பிறகு இரண்டு. நடு நடுவில் இயந்திரம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டது. தரணேந்திரன் பதில் அழுத்தினான். அவன் இல்லாவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. நான் சொன்னால் என்ன ஆகும் என்று திங்கட்கிழமையே பார்த்தாகிவிட்டது.

நாற்பதில் மூன்று மணி தாண்டியது. அறுபதில் எனக்குக் கழுத்து சுளுக்கியது. எழுபதில் எதிர் வீட்டு மாடி மேல் வெயில் மஞ்சளானது. நான் ஜன்னலில் பொழுதைப் பார்த்தேன். அவன் திரையில் சதவீதத்தைப் பார்த்தான். ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. இரண்டும் மெதுவாக.

"இரு, புனிதா வூட்ல கறிவேப்பில வாங்கியாரேன்" என்று மாலினி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். அறையில் மொழிபெயர்ப்பாளர் இல்லை.

எண்பது. வெயில் சுவரில் ஒரு முழம்தான் இருந்தது.

தரணேந்திரன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு கம்ப்யூட்டரிடம் சொன்னான். "விழுப்புரம் போறதுக்குள்ள இருட்டிடும். இனிமே சாப்ட முடியாது. பரவால்ல. காலைல கூழு குடிச்சது. நாளைக்கி காலைல பாத்துக்கலாம்."

கம்ப்யூட்டர் எண்பத்தொன்று என்றது.

நான் ஜன்னல் கம்பியிடம் சொன்னேன். "பாட்டில்ல தண்ணியாச்சும் இருக்குதா இல்லியான்னு தெர்ல."

"தீந்துபோச்சி" என்றான் கீபோர்டிடம்.

வாசலை எட்டிப் பார்த்தேன். மாலினியைக் காணோம். ஒரு கொத்து கறிவேப்பிலைக்குச் செடியே நட்டு வளர்த்துக்கொண்டிருக்கிறாளா? வெயில் ஒரு சாண் ஆனது.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். என் சபதம் ஒரு பக்கம். ஈசல் சாகக் கூடாது என்று சுவிட்சை அணைத்தவன் நான். கூழ் மட்டும் குடித்த மனிதனை, அதுவும் என் பிடிவாதத்தால் உட்கார்ந்திருப்பவனை, பட்டினியாக அனுப்பினால் அது என்ன தர்மம்? ஈசலுக்கு இருக்கிற மரியாதை மச்சானுக்கு இல்லையா? பகை மறுநாளும் இருக்கும். வெயில் இருக்காது.

இரண்டு விரற்கடை.

"வா" என்றேன். கனைத்துக்கொண்டு, "மச்சான், ஒரு வாய் சாப்ட்டுட்டு வந்து பாரு. ஜல்தி. பொழுது போவுது" என்றேன்.

அவன் திரும்பினான். நானும் திரும்பியிருந்தேன்.

"சரிங்க மாமா" என்றான்.

சமையலறைக்குப் போனோம். அங்கே மாலினி இருந்தாள். புனிதா வீட்டில் இல்லை, அங்கே. பின்வாசல் வழியாக எப்போது வந்தாளோ. இரண்டு இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு பரிமாறி ஆவி பறந்துகொண்டிருந்தது. பூசணிக்காய்க் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், கொள்ளு ரசம். கொள்ளு ரசம் தரணேந்திரனுக்குப் பிடித்தது. அதற்குக் கொள்ளை முந்தின நாளே ஊறப்போட வேண்டும். இனிப்பு எதுவும் வைக்கவில்லை. அந்த அளவுக்கு அவளுக்கு விவரம் உண்டு.

கால் மணியில் போக வேண்டியவனைப் பொழுது சாயும்வரை உட்கார வைத்தது யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்தான். சின்னதே போதும் என்று அவள் சொல்ல, பெரியதுதான் வேண்டும் என்று நான் சொல்ல. முப்பது வருடமாக அவள் கிழக்கே போக வேண்டுமானால் என்னை மேற்கே போகச் சொல்கிறாள். நானும் ஒவ்வொரு முறையும் கிழக்கே போய்விட்டு ஜெயித்தேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இலையில் உட்கார்ந்த பிறகு யோசிக்கக் கூடாது. சாப்பிட்டோம். வேகமாகச் சாப்பிட்டோம். அவன் ரசத்தை உறிஞ்சிய சத்தத்தில் என் பகையின் உயிர் பிரிந்தது. வெளியே வந்து கை கழுவும்போது சுவரில் வெயில் இல்லை.

கொஞ்ச நேரத்தில் செக் முடிந்தது. நூறு. மெசின் ஒரு முறை அணைந்து தானாக எழுந்தது. புது சிஸ்டம் பளபளவென்று வந்தது. எல்லாம் இருந்தது. ப்ரியதர்ஷினியின் பள்ளிக்கூடப் படங்கள், என் கடை வாசலில் நான் நிற்கும் படம், எல்லாவற்றுக்கும் கீழே அந்த வீடியோ.

"எத மாமா முக்கியமா தேடுனீங்க?" என்றான் தரணேந்திரன்.

"இது... கிரகப்பிரவேசப் படம்."

"அட, போடுங்க. நானும் பாத்ததில்ல."

போட்டேன். வேறு என்ன செய்ய? கரண்டி வந்தது. நின்றது. திரும்பியது. என் முகம் வந்தது. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கும். இப்போது வயிற்றில் கொள்ளு ரசம் இருந்தது. ஒன்றும் கொதிக்கவில்லை.

"ஏன் மாமா, யாராச்சும் செத்துட்டாங்களா? இப்டி மூஞ்ச வெச்சிருக்கீங்க" என்றான்.

மாலினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? ஆதாரம் ஒரு கீறல் இல்லாமல் கைக்கு வந்துவிட்டது. வழக்குதான் இல்லை.

ஜன்னலில் பூச்சி வர ஆரம்பித்தது. "அணைச்சிடலாம் மாமா. இப்ப அணைக்கலாம், ஒன்னும் ஆவாது" என்று அவனே முறையாக அணைத்தான். மாலை போட என்றைக்கு வர வேண்டும் என்று கேட்டான். நான் தேதி சொன்னேன். பேருந்து நிறுத்தம்வரை என் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். பின்னால் உட்கார்ந்துகொண்டு கழுத்துச் சுளுக்குக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டே வந்தான்.

திரும்பி வந்ததும் எனக்கு நாளைய கவலை பிடித்தது. பெரியவர்கள் இவ்வளவு தூரம் வந்து, வழக்கு இல்லை என்றால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

"மாலினி, நாளைக்கி பெரியவங்க வருவாங்களே. இன்னா சொல்றது அவங்ககிட்ட?"

"அவங்க வர்லீங்க. வேணாம்னு போன் பண்ணி சொல்லிட்டேன்."

"எப்ப? நான் வண்டில போனப்பவா?"

"செவ்வாக்கெழம. நீங்க பூவரசன் கடைலருந்து மூஞ்சத் தொங்கப்போட்டுக்கினு வந்தீங்களே, அப்ப."

"செவ்வாக்கெழம இன்னான்னுடி சொன்ன?"

"தம்பி நம்ம வூட்ல சாப்ட்டுட்டான், அவுரேதான் கூப்ட்டு உக்கார வெச்சாருன்னு."

செவ்வாயிலிருந்து விரல் விட்டு எண்ணினேன்; அவன் சாப்பிட்டது சனிக்கிழமை. ஆனாலும் ஒரு பிடி கிடைத்தது. "நம்ம ஜனம் பொய் சொல்லலாமாடி?"

மாலினி இலைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"பொய்யா போய்டக் கூடாதேன்னுதாங்க இந்த ஒரு வாரமா நான் பட்ட பாடு."